5 மார்க்கில் "கோட்டை" விட்ட ஆடிட்டர் மாணவர்கள்: பேப்பரைக் கேட்டு வாங்கலாம், மறுபடி திருத்தச் சொல்ல முடியாது!

காஞ்சீபுரம்:-

மூன்று பேப்பர். மார்க்கு 45, 48, 52. மூன்றிலும் தேறியாயிற்று. ஆனாலும் பெயில்!

உதாரணக் கணக்குதான். ஆனால் சி.ஏ. பரீட்சை எழுதும் வீடுகளுக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. மூன்றையும் கூட்டினால் 145. வேண்டியது 150. அந்த 5 மார்க்கு எங்கே போனது? திருத்தியவர் கை இறுக்கமா? கூட்டியவர் தப்பா? இல்லை, எழுதிய பிள்ளையே கோட்டை விட்டதா?

தெரிந்து கொள்ள வழி உண்டு. ஆனால் அந்த வழி பாதி தூரம்தான் போகிறது. மீதிப் பாதியில் பூட்டு தொங்குகிறது. அந்தப் பூட்டை உடைக்க ஒரு தேர்வர் சுப்ரீம் கோர்ட்டு வரை போய்ப் பார்த்தார். அதன் விவரம் வருமாறு:-

"ஆடிட்டர்" என்றால் தனி மரியாதை

பட்டுக்கும் கோவிலுக்கும் பெயர் போன காஞ்சீபுரத்தில் கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு எப்போதும் மதிப்பு உண்டு. கோரா பட்டு வாங்கிய கணக்கு, சாயக் கணக்கு, சூரத்தில் இருந்து வந்த ஜரிகைக் கணக்கு, நெசவாளிக்குக் கொடுத்த கூலிக் கணக்கு என்று ஒரு சேலைக்குப் பின்னால் நான்கு பேரேடு நிற்கிறது. 1-7-2017 அன்று ஜி.எஸ்.டி. வந்த பிறகு சின்னக் கடைக்காரர்கள் கூட ஆடிட்டர் வீட்டுப் படி ஏற வேண்டியதாயிற்று.

அதனால் "பையன் ஆடிட்டருக்குப் படிக்கிறான்" என்று சொல்லும்போதே பெற்றவர்களுக்கு முகம் மலரும். தறிக்குழியில் உட்கார்ந்து காலம் தள்ளியவர் தன் பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று நினைப்பது இயற்கைதானே!

அந்தக் கையெழுத்துக்கு விலை இந்தப் பரீட்சை. பெரிய காலேஜில் சேர்ந்துதான் படிக்க வேண்டும் என்பது இல்லை. வீட்டில் இருந்தே படிக்கலாம். லட்சக்கணக்கில் நன்கொடை கிடையாது. ஆனால் பாஸ் செய்ய வேண்டும். அங்கேதான் பலருக்குக் கால் வழுக்குகிறது.

நடத்துவது யார்?

சர்க்கார் அல்ல. பல்கலைக்கழகமும் அல்ல.

1949-ம் ஆண்டு சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்ஸ் சட்டப்படி, அதே ஆண்டு ஜூலை 1-ந் தேதி உருவான இந்திய சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்ஸ் இன்ஸ்டிடியூட்தான் பாடத்திட்டம் போடுகிறது, பரீட்சை வைக்கிறது, திருத்துகிறது, முடிவு சொல்கிறது, பாஸ் செய்தவரை உறுப்பினராகப் பதிவும் செய்கிறது. தலைமை அலுவலகம் டெல்லியில். தென் மண்டல அலுவலகம் சென்னை நுங்கம்பாக்கத்தில்.

படிகள் மூன்று: பவுண்டேஷன், இண்டர்மீடியட், பைனல். 2023-ல் புதிய திட்டம் வந்தது. அதன்படி இண்டரில் 6 பேப்பர், பைனலில் 6 பேப்பர். மூன்று மூன்றாக இரண்டு குரூப். ஆடிட்டரிடம் வேலை பழகும் பயிற்சிக் காலம் 3 ஆண்டில் இருந்து 2 ஆண்டாகக் குறைந்தது.

பதிலை இங்கிலீஷில் எழுதலாம், இந்தியிலும் எழுதலாம். தமிழுக்கு இடம் இல்லை. தமிழ் மீடியத்தில் பிளஸ்-2 முடித்த பிள்ளைக்குக் கணக்கு வந்தாலும், சட்டப் பேப்பரில் இங்கிலீஷ் வேகத்தடை போடுகிறது.

40... 50... 60...

மூன்று எண்களை மனப்பாடம் செய்ய வேண்டும்.

40: ஒவ்வொரு பேப்பரிலும் குறைந்தது இவ்வளவு வேண்டும். 39 வாங்கினால் போச்சு!

50: குரூப் மொத்தத்தில் இத்தனை சதவீதம் வேண்டும். அதாவது 300-க்கு 150.

60: குரூப்பில் பெயில் ஆனாலும், எல்லா பேப்பரையும் எழுதி, ஒரு பேப்பரில் 60 வாங்கிவிட்டால் அந்தப் பேப்பரை அடுத்த 3 பரீட்சைகளில் மறுபடி எழுத வேண்டாம்.

இன்னொரு உதாரணம்: 72, 41, 37. கூட்டினால் சரியாக 150. ஆனாலும் பெயில். காரணம் அந்த 37. ஆனால் 72 வீண் போகவில்லை. அது வரவில் நிற்கும். அடுத்த முறை மற்ற இரண்டை மட்டும் எழுதி, ஒவ்வொன்றிலும் 40-க்குக் குறையாமல் எடுத்தால் குரூப் முடிந்தது.

முதலில் சொன்ன பிள்ளைக்கு (45, 48, 52) வரவில் எதுவும் நிற்காது. 37 வாங்கியவர் இரண்டு பேப்பரோடு தப்பினார். எல்லாவற்றிலும் 40 தாண்டியவர் மூன்றையும் மறுபடி எழுத வேண்டும்! இதனால்தான் இங்கே ஒரு மார்க்குக்கும் அடிதடி.

கேள்வித்தாள் தயாராவது எப்படி?

கொலை வழக்கில் சாட்சியை மறைத்து வைப்பது போல இதிலும் ரகசியம்.

இன்ஸ்டிடியூட் கவுன்சிலின் கீழ் பரீட்சைக் கமிட்டி இருக்கிறது. கேள்வி எழுதுபவர் ஒருவர். அதைச் சரிபார்த்துச் செப்பனிடும் மாடரேட்டர் வேறொருவர். கேள்வி பாடத்திட்டத்துக்கு உள்ளே இருக்கிறதா, 3 மணி நேரத்தில் எழுதி முடியுமா, கணக்கு கடைசியில் நேராகுமா என்று பார்க்க வேண்டும். கேள்வியோடு விடைக் குறிப்பும், எந்தப் படிக்கு எத்தனை மார்க்கு என்ற உத்தரவும் தயாராகின்றன.

வருமான வரி, ஜி.எஸ்.டி. பேப்பரில் வேறு ஒரு தலைவலி. சட்டம் மாறிக் கொண்டே இருக்கும். பரீட்சைக்கு ஏறக்குறைய 6 மாதம் முன்பு வரை வந்த திருத்தங்கள்தான் கேள்வியில் வரும். அதற்கான அறிவிப்பு முன்கூட்டியே வெளியாகிறது. பழைய புத்தகத்தை பாதி விலைக்கு வாங்கிப் படிப்பவர் மாட்டிக் கொள்வது இங்கேதான்.

பெரும்பாலான பேப்பர்களில் 30 மார்க்கு "சரியான விடையைத் தேர்ந்தெடு" ரகம். மீதி 70 விவரமாக எழுத வேண்டியது. பவுண்டேஷனில் 4 பேப்பரில் 2 முழுக்க விடை தேர்வுதான். அதில் தப்பு விடைக்கு கால் மார்க்கு கழிப்பார்கள். குருட்டாம்போக்கில் கறுப்பு அடித்தால் இருந்ததும் போகும்.

கேள்வியே தப்பாக வந்தால்? பாடத்துக்கு வெளியில் இருந்து வந்தால்? பரீட்சை முடிந்ததும் குறிப்பிட்ட நாட்களுக்குள் இன்ஸ்டிடியூட்டுக்கு எழுதிப் போடலாம். முடிவு வந்த பிறகு புலம்பிப் பயன் இல்லை. முறையீட்டின் முதல் கதவு இதுதான். பலர் கண்ணில் படாத கதவும் இதுதான்.

பிள்ளையார் சுழிக்குத் தடை!

கோவில் நகரத்துப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்து கொள்ள வேண்டியது இது.

புதுக் கணக்கு நோட்டு என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள், உச்சியில் பிள்ளையார் சுழி. கடைத்தெருவில் இது பரம்பரை வழக்கம். ஆனால் சி.ஏ. விடைத்தாளில் போடக்கூடாது. மதச் சின்னம், சாமி பெயர், பிரார்த்தனை வாசகம், "ஐயா, கருணை காட்டுங்கள்" என்ற வேண்டுகோள் எதுவுமே எழுதக்கூடாது. ரோல் நம்பரை உரிய இடம் தவிர வேறு எங்கும் எழுதக்கூடாது. எழுதினால் முறைகேடாகக் கருதப்படும்.

இதில் சாமி மேல் கோபம் எதுவும் இல்லை. திருத்துபவருக்கு எழுதியது யார் என்று தெரியவே கூடாது என்பதுதான் காரணம். ஒரு சின்ன அடையாளம் கூட முன்கூட்டியே பேசி வைத்த ஜாடையாக இருக்கலாம் அல்லவா?

காமாட்சியை வேண்டிக் கொள்ள வேண்டுமானால் வீட்டிலேயே முடித்துவிட்டு ரெயில் ஏறுவது நல்லது.

கழுகும் புறாவும்

விடைத்தாளைக் கட்டுக் கட்டாக வீட்டுக்கு எடுத்துப் போய் சிவப்பு மையில் திருத்துவது பழைய காலம். இப்போது விடைத்தாளை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டர் திரையில் திருத்துகிறார்கள். மார்க்கு போட்டால் கூட்டுவது எந்திரம்.

ஆனால் மார்க்கு போடுவது மனிதர்தான். ஒரு பேப்பரை நூற்றுக்கணக்கானவர்கள் அல்ல, ஆயிரக்கணக்கானவர்கள் எழுதுகிறார்கள். ஒரே ஆள் திருத்தி முடியாது. பல பேர் திருத்தும்போது ஒருவர் தாராளமாகப் போடுவார். இன்னொருவர் உயிரே போனாலும் அரை மார்க்கு தரமாட்டார்.

இதை சுப்ரீம் கோர்ட்டே பேசியிருக்கிறது. உத்தரபிரதேசத்து சிவில் நீதிபதி தேர்வு வழக்கில் 2007-ல் வந்த தீர்ப்பில், கைப்பிடித்தம் உள்ள திருத்துநரைக் கழுகு என்றும், தாராளக்காரரைப் புறா என்றும் சொல்லும் வழக்கை கோர்ட்டு எடுத்துக் காட்டியது. கழுகிடம் மாட்டிய பேப்பருக்கும், புறாவிடம் போன பேப்பருக்கும் ஒரே நியாயம் கிடைப்பது எப்படி?

அதற்கான வழியையும் அந்தத் தீர்ப்பு விவரித்தது. தலைமைத் திருத்துநர் எல்லோரையும் கூட்டி வைத்து விடைக் குறிப்பைப் பேசி முடிவு செய்ய வேண்டும். மாதிரிக்குச் சில பேப்பர்களைத் திருத்தி ஒப்பிட வேண்டும். பிறகு ஒவ்வொருவர் திருத்தியதிலும் சிலவற்றை எடுத்துத் தலைமைத் திருத்துநர் பார்க்க வேண்டும். ஒருவர் தொடர்ந்து இறுக்கிப் போட்டிருந்தால் அவர் திருத்திய எல்லாவற்றுக்கும் மார்க்கைக் கூட்ட வேண்டும். அள்ளிக் கொடுத்திருந்தால் குறைக்க வேண்டும். இதற்குப் பெயர் மாடரேஷன்.

சி.ஏ. பரீட்சைக்குத் தனி விதியே உண்டு. 1988-ம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளில் 39(2). தரம் காக்கத் தேவைப்பட்டால் எல்லாத் தேர்வர்களின் மார்க்கையோ, ஒரு பகுதியினரின் மார்க்கையோ கவுன்சில் மாற்றி அமைக்கலாம் என்கிறது அது.

எப்போது மாற்றினார்கள்? எவ்வளவு மாற்றினார்கள்? இந்தக் கேள்விதான் டெல்லி வரை போனது.

13 கேள்வி கேட்ட தேர்வர்

2007 நவம்பரில் பைனல் எழுதிய ஒருவர் தேறவில்லை. அவர் பேசாமல் இருக்கவில்லை. 2008 ஜனவரியில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டார். மொத்தம் 13 கேள்வி. திருத்துபவர்களின் தகுதி என்ன? எப்படித் திருத்துகிறார்கள்? அவர்களுக்குக் கொடுத்த உத்தரவு, மாதிரி விடை எங்கே? 39(2) விதியை எப்படிப் பயன்படுத்தினீர்கள்?

இன்ஸ்டிடியூட் சிலவற்றுக்குப் பதில் தந்தது. முக்கியமானவற்றை மறுத்தது. மத்திய தகவல் ஆணையம் ஓரளவுக்கு அவர் பக்கம் நின்றது. பம்பாய் ஐகோர்ட்டு 2010-ல் இன்னும் ஒரு படி மேலே போய், மாதிரி விடை, உத்தரவு எல்லாவற்றையும் கொடு என்றது. இன்ஸ்டிடியூட் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடியது.

நீதிபதிகள் ஆர்.வி.ரவீந்திரன், ஏ.கே.பட்நாயக் ஆகியோர் 2-9-2011 அன்று தீர்ப்புக் கூறினார்கள். திருத்துபவர்களுக்குக் கொடுக்கப்படும் உத்தரவும் விடைக் குறிப்பும் நம்பிக்கையின் பேரில் ஒப்படைக்கப்பட்டவை. அவற்றைக் கொடுக்க வேண்டியதில்லை என்றார்கள். ஐகோர்ட்டு உத்தரவு ரத்து ஆனது. ஆனால் மார்க்கை மாற்றி அமைக்க ஏதாவது பொதுவான அளவுகோல் இருந்தால் அதை அந்தத் தேர்வரிடம் சொல்ல வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள்.

அதோடு விடவில்லை. வெளிப்படைக் காலம் வந்துவிட்டது. தேவையில்லாத ரகசியப் பழக்கத்தைப் பரீட்சை நடத்தும் அமைப்புகள் கைவிட வேண்டும் என்று புத்தியும் சொன்னார்கள்.

கேட்டவருக்குக் கிடைத்தது பாதி. ஆனால் பின்னால் வருகிறவர்களுக்கு அந்த ஆண்டு ஒரு பெரிய கதவு திறந்தது.

கதவு திறந்த 2011

1984-ல் மராட்டிய மாநிலக் கல்வி வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்று. திருத்திய விடைத்தாளைப் பார்க்கவோ, மறுபடி திருத்தக் கேட்கவோ மாணவருக்கு உரிமை இல்லை என்ற வாரிய விதி செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. அதன்பின் பல ஆண்டு காலம் "பேப்பரைக் காட்டு" என்று கேட்டவர்களுக்கு இந்தத் தீர்ப்பைத்தான் நீட்டினார்கள்.

2005-ல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. 9-8-2011 அன்று சி.பி.எஸ்.இ. வழக்கில் அதே சுப்ரீம் கோர்ட்டு, "திருத்திய விடைத்தாளும் ஒரு தகவல்தான், எழுதியவர் கேட்டால் காட்ட வேண்டும்" என்ற கருத்தில் தீர்ப்புக் கூறியது. திருத்தியவர் பெயரை மட்டும் மறைத்துவிடலாம்.

அது முதல் சி.ஏ. எழுதியவரும் தன் பேப்பரின் நகலைக் கேட்டு வாங்கலாம்.

என்னென்ன கேட்கலாம்?

சரிபார்ப்பு: விடைகள் எல்லாம் திருத்தப்பட்டிருக்கின்றனவா, மார்க்கு விடுபட்டிருக்கிறதா, கூட்டல் சரியா என்று மட்டும் பார்ப்பார்கள். முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். கட்டணம் ஒரு பேப்பருக்கு 100 ரூபாய்; அதிகபட்சம் 400 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். தப்பு இருந்தால் கட்டிய பணம் திரும்ப வரும்.

நகல்: திருத்திய விடைத்தாளின் சான்றிட்ட நகல் அல்லது நேரில் பார்வை. கட்டணம் ஒரு பேப்பருக்கு 500 ரூபாய் என்று வைத்தார்கள். இதற்கும் கெடு உண்டு.

500 ரூபாய் அதிகம் என்று நினைத்தால்? கம்பெனி செக்ரட்டரி இன்ஸ்டிடியூட் சம்பந்தமான வழக்கில் 2019 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழி சொன்னது. இன்ஸ்டிடியூட்டின் சொந்த முறைப்படி கேட்டால் அதன் கட்டணம். தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டால் அந்தச் சட்டத்தின் கட்டணம். இரண்டு வழியும் உண்டு, கேட்பவர் இஷ்டம்.

ஒப்பீடு: பரீட்சை முடிந்தபின் இன்ஸ்டிடியூட்டின் கல்விப் பிரிவு "சஜஸ்டட் ஆன்சர்ஸ்" என்ற விடைகளை வெளியிடுகிறது. நகலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எங்கே சறுக்கினோம் என்பது தெரிந்துவிடும். விடை தப்பானாலும் கணக்கின் படிகளைக் காட்டியிருந்தால் பாதி மார்க்காவது கிடைத்திருக்குமே என்ற ஞானம் பலருக்கு அப்போதுதான் பிறக்கும்.

கேட்க முடியாதது

மறு திருத்தம். ஆமாம், அதுதான் கிடையாது.

"இந்த விடைக்கு 4 மார்க்கு போட்டிருக்கிறார். 7 போட வேண்டும்" என்று வாதாட இடம் இல்லை. விதி 39(4) சொல்வது இதுதான்: வாங்கும் கட்டணம் திருத்தியிருக்கிறதா என்று பார்க்கத்தான், மறுபடி திருத்த அல்ல.

காஞ்சீபுரத்துப் பிள்ளைகளுக்கு இது விசித்திரமாகப் படும். பிளஸ்-2 எழுதியபோது நகல் வாங்கி மறுமதிப்பீடு கேட்டிருப்பார்கள். பி.காம். படித்தபோது சென்னைப் பல்கலைக்கழகத்தில் மறுமதிப்பீடு கேட்டிருப்பார்கள். அதைவிடப் பெரிய பரீட்சையில் மட்டும் இல்லையா? நெய்த சேலையின் ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்க ஊரிலேயே வசதி இருக்கிறது. மார்க்கில் சந்தேகம் வந்தால் உரசிப் பார்க்க ஒரு கல் கூட இல்லையா?

இந்தக் கேள்விதான் 2019 செப்டம்பரில் தெருவுக்கு வந்தது. டெல்லியில் இன்ஸ்டிடியூட் அலுவலகத்தின் முன்னால் மாணவர்கள் திரண்டு, 39(4) விதியை மாற்று என்று கோஷம் போட்டார்கள். ராகுல்காந்தி ஆதரவு தெரிவித்தார். ஆராய்வதற்கு உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டதாக இன்ஸ்டிடியூட் அறிவித்தது. ஆனால் மறு திருத்தம் விதியில் ஏறவில்லை.

இன்ஸ்டிடியூட் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதிருப்தி அடைந்த ஒவ்வொருவரும் மறுபடி திருத்தச் சொன்னால் ஒரு பரீட்சை முடியாமலே அடுத்த பரீட்சை வந்துவிடும். இரண்டாவது திருத்துநர் கழுகாக இருந்தால் மார்க்கு குறையவும் செய்யலாம். எங்கே ஒரு முடிவு?

கோர்ட்டுக்குப் போனால்?

போகலாம். ஆனால் அது கடைசிக் கதவு, குறுகிய கதவு.

2017 டிசம்பரில் உத்தரபிரதேச ஆசிரியர் தேர்வு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு எல்லைக்கோடு போட்டது. விதியில் மறு திருத்தம் இருந்தால் அனுமதிக்கலாம். இல்லாவிட்டால், நீட்டி முழக்கி விளக்காமலே கண்ணுக்குத் தெரியும் பெரிய தப்பு இருந்தால்தான், அதுவும் அபூர்வமாகத்தான், கோர்ட்டு தலையிடும். நீதிபதியே பேனா எடுத்துப் பேப்பர் திருத்த மாட்டார். சந்தேகம் வந்தால் பலன் பரீட்சை நடத்துபவருக்கே!

வழக்குப் போட்டு வென்ற சென்னைப் பெண்

கணக்குத் தொழிலுக்கும் கோர்ட்டுக்கும் உள்ள உறவு பழையது. ஆர்.சிவபோகம் என்ற சென்னைப் பெண்மணி 1933-ல் அக்கவுண்டன்சி டிப்ளமோ பரீட்சையில் தேறினார். இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் அவர்தான். ஆனால் சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். ஜெயிலுக்குப் போனவரைப் பதிவு செய்ய முடியாது என்று வெள்ளைக்கார ஆட்சியின் சட்டம் குறுக்கே நின்றது. அவர் விடவில்லை. கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். 1937-ல் தொழிலைத் தொடங்கினார்.

பின்னாளில் இன்ஸ்டிடியூட்டின் தென் மண்டலக் கவுன்சிலுக்குத் தலைவியாகவும் இருந்தார். பைனலை முதல் முயற்சியிலேயே முடிக்கும் சிறந்த பெண்ணுக்கு அவர் பெயரில் பரிசு உண்டு. அவர் போராடியது மார்க்குக்கு அல்ல, உரிமைக்கு. பரீட்சையில் ஜெயித்தும் வாசலில் நிறுத்தப்பட்டவர் அவர்.

முடிவு வந்த அன்று...

பெயில் என்று தெரிந்ததும் அழுவது இயற்கை. ஆனால் அன்றே காலண்டரில் ஒரு வட்டம் போட வேண்டும். முப்பது நாள் கெடு ஓடத் தொடங்கிவிட்டது.

சரிபார்ப்பா, நகலா என்று அன்றே யோசிக்க வேண்டும். ஒன்று முடியட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தால் இரண்டாவதன் நாள் கடந்துவிடும். கட்டணமும் கடைசித் தேதியும் அந்தந்தத் தேர்வு அறிவிப்பில் இருக்கும். மனு ஆன்லைனில்தான். இதற்காக நுங்கம்பாக்கம் வரை ரெயில் பிடிக்க வேண்டாம். "மார்க்கு ஏற்றித் தருகிறேன்" என்று எவராவது வந்தால் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம். அப்படி ஒரு கதவு எந்த விதியிலும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த பரீட்சைக்கான புத்தகத்தை மூடிவிடக் கூடாது. 2024 முதல் பவுண்டேஷன், இண்டர் பரீட்சைகளை ஆண்டுக்கு 3 முறை நடத்தத் தொடங்கினார்கள். மனுவுக்குப் பதில் வருவதற்குள் அடுத்த பரீட்சை வாசலில் வந்து நிற்கலாம்.

கூட்டலில் தப்பு இருந்தால் 5 மார்க்கு திரும்பி வரும். திருத்தியவர் கை இறுக்கம் என்றால், அந்த 5 மார்க்கை அடுத்த முறை பிள்ளையேதான் எழுதி எடுக்க வேண்டும்.